சுப்புராயன் ஜீரோ

“மேல எறிஞ்ச கல்லு உச்சிக்குப் போனதும் அதோட ஆக்ஸிலரேஷன் எவ்வளவு?” என்று சுப்புராயன் சார் கேட்டார்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து வெண்மதி எழுந்தாள்.

“முடுக்கம் ஒம்போது புள்ளி எட்டு சார். கீழ்நோக்கி.”

“என்னாது, முடுக்கமா? எந்த ஊரும்மா நீ?”

“திட்டக்குடி சார்.”

“திட்டக்குடியில கல்லு நின்னப்புறமும் ஓடுமோ?”

வகுப்பு சிரித்தது. அவள் உட்காரவில்லை. “வேகந்தான் சார் ஜீரோ. பூமி இழுக்கறது நிக்கலியே.”

“நின்னுபோனதுக்கு ஏது ஆக்ஸிலரேஷன்? அதுவும் ஜீரோதான். தமிழ் மீடியத்துலேர்ந்து வந்து எனக்கே பாடம் நடத்துறியா? ஹிஸ்டரி குரூப்ல சீட்டு இருக்கு, போறியா?”

“போகல சார்.”

“அப்ப, ‘உச்சியில் ஆக்ஸிலரேஷன் ஜீரோ’ன்னு இங்கிலீஷ்ல நூறு தடவ எழுதிட்டு வா.”

சிதம்பரத்தில் அவள் பதினொன்றாம் வகுப்பு சேர்ந்த முதல் மாதம் அது. ஹாஸ்டலில் உட்கார்ந்து ஒரு நோட்டில் நூறு வரியும் எழுதினாள். பொய் என்று தெரிந்தே எழுதினாள். அவர் படிக்காமலே சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். இரண்டு வருஷம் வகுப்பில் அவள் பெயர் ‘முடுக்கம்’ என்றே இருந்தது.

பிறகு அவள் இயற்பியலில் எம்.எஸ்சி. வரை படித்தாள். பாடத்தின் மேல் அவ்வளவு ஆசை என்று ஊரில் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்த நோட்டு அவள் பெட்டியின் அடியில் துணிகளுக்குக் கீழே இருந்தது யாருக்கும் தெரியாது.

இப்போது கடலூர் செம்மண்டலத்தில் ஒரு மாடியில் டியூஷன் எடுக்கிறாள். பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம் முழுக்கத் திருப்புதல்தான். எந்தச் சூத்திரத்தையும் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். F = ma என்றால் விசை, நிறை, முடுக்கம் என்று தமிழிலும் வர வேண்டும்; அலகு சொல்லாதவர்கள் உட்கார முடியாது. கடைசியில் நாலு பக்கச் சூத்திரத் தாள் ஒன்று தருவாள். அதன் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு குறிப்பு:

‘உச்சியில் v = 0. ஆனால் a = 9.8 m/s², கீழ்நோக்கி. இங்கே a = 0 என்று எழுதினால் அதற்குப் பெயர் சுப்புராயன் ஜீரோ.’

பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. திருத்திய தாள் கைக்கு வந்ததும், “டேய், இவனும் சுப்புராயன் ஜீரோடா” என்று கத்துவார்கள். தாள் திருப்பாதிரிப்புலியூர் ஜெராக்ஸ் கடைகளில் பெருகி, வாட்ஸ்அப்பில் சிதம்பரம் வரை போனது.

“மிஸ், சுப்புராயன் எந்தக் காலத்து விஞ்ஞானி?” என்று ஒருத்தி கேட்டாள்.

“இந்தக் காலந்தான். நம்ம பக்கந்தான்” என்றாள் வெண்மதி.

பக்கத்து அறையில் வேதியியல் எடுக்கும் தமிழ்ச்செல்விக்கு மட்டும் விஷயம் தெரியும். “ரிட்டையர் ஆயிட்டாருடி மனுஷன். விட்டுடேன்.”

“நூறு தடவ எழுதிப் பாத்துட்டு வந்து சொல்லு, விடறேன்.”

போன பிப்ரவரியில் ஒரு மதியம் சுப்புராயன் சாரே மாடியேறி வந்தார். பேத்தி இலக்கியா வீட்டில் சத்தம்போட்டுப் படித்திருக்கிறாள். “தாத்தா, உங்க பேருல ஒரு முட்டாள் இருக்காரு” என்று சிரித்திருக்கிறாள். அவர் தாளை வாங்கிப் பார்த்து, கீழே இருந்த டியூஷன் முகவரியை வைத்து பஸ் ஏறிவிட்டார்.

வெண்மதி நாற்காலி போடவில்லை. அவர் என்றைக்காவது வருவார் என்றுதான் பெட்டியில் கிடந்த நோட்டை மேஜை டிராயருக்குக் கொண்டுவந்திருந்தாள். எடுத்து விரித்து வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டி ஒரு பக்கம் முழுக்கப் படித்தார். தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்தபடி நின்றார். அவர் மறுத்தால் என்ன சொல்வது என்று பதினாலு வருஷமாக அவளிடம் வாக்கியங்கள் தயாராக இருந்தன. அவர் மறுக்கவே இல்லை. அதில்தான் அவளுக்கு ஆத்திரம் கூடிப்போனது. போகும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

இந்த வருஷத் தாள் போன வாரம் ஜெராக்ஸுக்குப் போய்விட்டது. பெயர் அதே கட்டத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே புதிதாக எதுவும் இல்லை.

“அன்னைக்கு அப்பிடி என்னதாண்டி கேட்டாரு?” என்று தமிழ்ச்செல்வி இப்போதும் கேட்பாள். அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் வெண்மதி சொல்வாள்:

“பேரு இருக்கட்டும்மா, எடுக்க வேணாம். கீழ ஒரு வரி மட்டும் சேத்துடுங்க. பின்னாடி அவரு திருத்திக்கிட்டாருன்னு.”