மன்னாருக்கு ஒரு சுவெட்டர்

அக்காவுக்குப் பையன் பிறந்து ஆறு மாதம் ஆகிவிட்டது என்று எனக்குச் சொன்னவர் பெரகல சந்தியில் கருவாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், எங்களுக்கெல்லாம் நானா. அவர் கடைக்கு மன்னாரிலிருந்து கருவாடு ஏற்றிவந்த லொறிக்காரரோடுதான் மூன்று வருடத்துக்கு முன் அக்கா சொல்லாமல் கொள்ளாமல் போயிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கருவாடு சமைப்பதில்லை. அம்மா அவள் பேரையும் எடுப்பதில்லை. நானா செய்தியைச் சொல்லிவிட்டு, அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லச் சொன்னார். எனக்கும் பக்குவத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஒரே ஓட்டமாக மேடேறி, தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் எங்கள் வீட்டு வாசலில் மூச்சு வாங்கியபடியே போட்டு உடைத்துவிட்டேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைவதை நிறுத்தவில்லை.

அங்கேயே நின்று முடிவு செய்தேன். மன்னாருக்குப் போக வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும், அக்காவை ஒரு தடவையாவது அம்மாவின் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். முதல் பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு போக முடியுமா? அன்றைக்கே ஊசியை எடுத்துவிட்டேன்.

எனக்குப் பின்னல் பைத்தியம். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்தேன். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை எங்களிடம் விட்டுப்போவார்கள். ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே பின்னுவேன். தண்ணீர்ப் பீலியில் வாளி நிறையும் வரை பின்னுவேன். கண்ணி எண்ணும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் எரிந்து விழுவேன். கட்டிக்கொள்ளப் போகிறவன் பாவம் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். பேசட்டுமே, அவர்கள் பிள்ளைகளின் தலையில் இருந்த தொப்பியெல்லாம் நான் பின்னியதுதான்.

என் ஊசிகள் சைக்கிள் கம்பிகள், பாறையில் தேய்த்து முனை வைத்தவை. மெல்லிசான வேலைக்கு உடைந்த குடையின் கம்பி. நூல்தான் பெரிய பாடு. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த எழுபதுகள் அவை. கடையில் புது நூல் கண்ணில் படாது. பழைய சுவெட்டரைப் பிரித்துத்தான் புதியதைப் பின்ன வேண்டும். பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தையில் பழைய துணிக் குவியலுக்குள் இறங்கிவிடுவேன். முழங்கையில் ஓட்டை இருந்தாலும் பரவாயில்லை, முதலில் உள்பக்கத்துத் தையலைத்தான் பார்ப்பேன். துணி மாதிரி வெட்டித் தைத்த சுவெட்டர் என்றால் பிரிக்கும்போது துண்டு துண்டாக வந்து கழுத்தறுக்கும். கையால் பின்னிச் சேர்த்ததாக இருந்தால் ஒரு நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க முழுச் சுவெட்டரும் ஒரே இழையாக ஓடிவரும். அந்த இழையை நாற்காலி முதுகில் சுற்றி, வெந்நீரில் நனைத்து, அடியில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் நெளிவெல்லாம் போய்விடும். அப்படி ஒரு சிவப்புச் சுவெட்டர் அந்த வாரமே அகப்பட்டது. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தபடி வந்தேன்.

சுவெட்டர், காதை மூடும் தொப்பி, முழங்கால் வரை ஏறும் காலுறை, எல்லாம் ஒரே சிவப்பில் என்று திட்டம் போட்டேன். அக்கா பிள்ளையின் அளவு தெரியாததால் காம்பராவில் இருந்த ஆறு மாதத்துக் குண்டுப் பயலை வைத்து அளவெடுத்தேன். அவன் நூல் உருண்டையைப் பிடித்து வாயில் வைத்துவிட்டு விடமாட்டேன் என்றான். லயமே வந்து பார்த்து யோசனை சொன்னது. மன்னார் கடல் பக்கம். கடல் பக்கம் என்றால் எப்போதும் காற்று அடிக்கும். பச்சைப் பிள்ளைக்குக் காற்று ஆகாது. ஆகவே இரட்டை இழையில் பின்னு. நாங்கள் ஒருவரும் மலையை விட்டு இறங்கியவர்களில்லை. எங்களுக்குத் தெரிந்த காற்றெல்லாம் எங்கள் ஹப்புத்தளைக் குளிர்காற்றுதான். சரியான யோசனை என்று நானும் இரட்டை இழையில் பின்னினேன். நானாவிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் வாய்க்குள் சிரித்தார். வேலைப்பாட்டைப் பார்த்து அசந்துபோனார் என்று நினைத்துக்கொண்டேன்.

இரட்டை இழை நூலைத் தின்றுவிட்டது. உடம்பும் தொப்பியும் காலுறையும் முடிந்தன, கை இரண்டுக்கும் நூல் இல்லை. இரண்டு ஞாயிறு சந்தைக்குப் போயும் ஒன்றும் கிடைக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல். அப்போதுதான் அம்மா தன் பச்சைச் சுவெட்டரைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"கிழிஞ்சுபோச்சு. பிரிச்சுக்க."

எங்கும் கிழியவில்லை. மலைக்குப் போகும்போது தலையோடு போர்த்தும் கம்பளிக்கு அடியில் வருடக்கணக்காக அம்மா போட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். எங்கள் லயத்துத் தகரத்தைத் துளைக்க அதற்கு அவ்வளவு சிரமம்கூட இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா அதற்குள் வெளியே போய்விட்டாள். மனசு துள்ளியது, அம்மா இறங்கிவந்துவிட்டாள் என்று. பின்னாலேயே ஓடி, அக்காவை வரச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"நான் ஒண்ணும் சொல்லி விடல" என்றாள் அம்மா. பிடிவாதத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் குறைச்சல் இல்லை.

பச்சைக் கை வைத்த சிவப்புச் சுவெட்டர் மூன்றே நாளில் முடிந்தது. பார்ப்பதற்குக் கிளி மாதிரி இருந்தது. எனக்குத் தாங்க முடியாத பெருமை.

தனியாகப் போக அம்மா விடமாட்டாள். எங்கள் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு, அரசாங்க ஒப்பந்தப்படி இந்தியாவுக்கே திரும்பிப் போய்விட நாள் வந்திருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறுகிறவர்கள் எப்படியும் மன்னாரைத் தாண்டித்தானே போக வேண்டும், அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். ஹப்புத்தளை ஸ்டேஷனில் தோட்டமே அழுதது. அவர்களைக் கட்டிப்பிடித்து நானும் அழுதேன்தான், ஆனால் ரயில் நகர்ந்ததும் யன்னலுக்குப் போய்விட்டேன். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ரயில் நுழைந்த ஒவ்வொரு குகையிலும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கம்பளைக்குக் கீழே போனதும் வேர்த்தது. கூட்டத்தால் வேர்க்கிறது என்று நினைத்தேன். பொல்காவலையில் தலைமன்னார் ரயிலுக்கு மாறினோம். விடிந்தபோது வெளியே மலை என்று ஒன்றும் இல்லை, தட்டில் ஊற்றிய கஞ்சி போல நிலம் பரந்து கிடந்தது. அதுவும் எனக்கு அழகாகவே இருந்தது.

மன்னாரில் இறங்கினேன். அடுப்பு வாயைத் திறந்த மாதிரி வெயில் முகத்தில் அடித்தது. மணல் செருப்பைத் தாண்டிச் சுட்டது. எனக்கு அப்போதும் புத்தி வரவில்லை. நானா சொன்ன அடையாளத்தை விசாரித்துப் போய், அக்கா வீட்டு வாசலில் பிள்ளையைப் பார்த்ததும்தான் வந்தது. அரைஞாணைத் தவிர அவன் உடம்பில் ஒன்றும் இல்லை. கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. அக்கா பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள்.

கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகு பையைத் திறந்தேன், வேறு வழியில்லை. இரட்டை இழைச் சுவெட்டர், காதை மூடும் தொப்பி, முழங்கால் வரை காலுறை. லொறிக்கார மச்சான் வெளியே போனார், கிணற்றடியில் அவர் சிரிப்பது கேட்டது. அக்கா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆசைக்காக ஒரு கையை மட்டும் நுழைத்துப் பார்த்தோம். பயல் அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். அவமானத்தில் எனக்கு மூக்கு நுனி வரை கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்காவின் சிரிப்பு சட்டென்று நின்றது. அந்தப் பச்சைக் கையைப் பிடித்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"இது அம்மாவோடதா?"

ஆமாம் என்றேன்.

"அம்மா வரச் சொல்லுச்சா?"

பொய் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ஆனால் அம்மா வாசலில் நின்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டால் அக்கா அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த மேடு ஏறமாட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. இதக் கழட்டிக் குடுத்துட்டு வெறும் கம்பளியோட மலைக்குப் போகுது" என்றேன்.

அக்கா பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், மீன் கழுவினாள். பொழுது சாய்ந்து மச்சான் சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது, இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்றாள். தான் வந்தால் பழைய கோபம் கிளம்பும், நீங்கள் முதலில் போங்கள் என்று மச்சான் சொன்னார். நல்ல மனிதர். எங்களை ரயிலேற்றிவிடும்போது அம்மாவுக்கென்று ஒரு பொட்டலம் நீட்டினார். கருவாடு. அதை மட்டும் நான் வாங்கவில்லை.

திரும்பும் வழியில் அக்காவுக்குப் பயம் ஏறிக்கொண்டே வந்தது. நாவலப்பிட்டியில், அம்மா பேசாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். ஹட்டனில் மறுபடியும் கேட்டாள். நானு ஓயாவில் யன்னல் வழியாக ஈரக்காற்று உள்ளே வந்தது, பிள்ளையின் தொடையில் மயிர் சிலிர்த்து நின்றது. சுவெட்டரை எடுத்து மாட்டினோம். இம்முறை அவன் அழவில்லை. தொப்பி, காலுறை எல்லாம் ஏறின. பச்சைக் கைக்குள் விரலை மடக்கிக்கொண்டு தூங்கிப்போனான். பெட்டியில் இருந்த எல்லோரிடமும் நான் பின்னியது என்று சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

ஹப்புத்தளையில் பனிமூட்டம் இறங்கியிருந்தது. லயத்துக்குப் போனபோது அம்மா மலையிலிருந்து வந்து கூடையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அக்கா வாசலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. ஏதாவது உளறிவிடுவேனோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, அக்காவைப் பார்க்காமல் பிள்ளையை வாங்கினாள். அவன் கையை நீட்டிப் பிடித்து, மணிக்கட்டில் நூலின் விளிம்பை இழுத்துப் பார்த்தாள். இடமே மீதி இல்லை, காம்பராப் பயலை விட இவன் நீளம். அம்மா அவனைத் தன் கம்பளிக்குள் போட்டு மூடிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அடுத்த வருசம் இது இவனுக்குப் பத்தாது" என்றாள் அக்காவிடம். "மாசிக்கு முன்னயே கூட்டிட்டு வா, அளவெடுக்கணும்."

அக்கா தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே வந்தாள்.