பூட்டிய கடைக்குள் ஒரு குதிரை

சேவியர் இறந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை மதியம், கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு கம்ப்யூட்டர் பார்க்கப் போன இடத்தில். மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவர். நேற்று அடக்கம் முடிந்தது. இன்று, வியாழன் மாலை, அவர் கடையிலிருந்து வந்து இதை எழுதுகிறேன்...

வெளிநாட்டில் இருக்கும் என் மகன் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான். சேர்ந்து கேம் ஆடினால் மட்டும் ஒரு மணி நேரம் பேசுவான். அதற்காகவே பெரிய 4கே மானிட்டர் ஒன்று வாங்கினேன். பழைய கிராபிக்ஸ் கார்டால் அதை இழுக்க முடியவில்லை. படம் நின்று நின்று வந்தது.

சேவியரிடம் போனேன். சிரித்தார்.

"என்னண்ணே, மண்டபத்தை புக் பண்ணிட்டுப் பொண்ணு தேடுறீங்க? இந்த ஸ்கிரீனுக்கு எம்புட்டுப் பெரிய கார்டு வேணும் தெரியுமா?"

"அம்புட்டுப் பெருசெல்லாம் வேணாம் சேவியர். நடுத்தரமா ஒண்ணு சொல்லுங்க."

மறுநாள் வீட்டுக்கே வந்தார். கையில் டெய்லர் டேப். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கு நுனியிலிருந்து திரை வரை அளந்தார். கார்டு விற்க என் மூக்கை அளந்த ஒரே மனிதர்.

"மூணரை அடி. இம்புட்டுத் தூரத்துல படத் தரம் அல்ட்ராவுல இருந்தாலும் ஹைல இருந்தாலும் வித்தியாசம் ஒங்க கண்ணுக்குத் தெரியாது. செட்டிங்ஸை ஒரு படி எறக்கிக்கங்க. ஆனா மெமரியில எறங்கிராதீங்க. எட்டு ஜிபி கார்டு 4கேல பாதி வழியில மூச்சு வாங்கும். பதினாறு எடுத்துருங்க."

கார்டு வந்தால் உடனே கையில் தரமாட்டார். கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதில் மூன்று நாள், ஏசி இல்லாமல், கதவைச் சாத்தி ஓடவிடுவார்.

"ஏசியில டெஸ்ட் பண்ணிக் குடுத்துட்டு, சித்திரை வெயில்ல யாருண்ணே பேச்சு வாங்குறது?"

ஓடுவது ஒரு கேம், அவருடைய ஐடியில். ஏரிக்கரைப் பாதையில் குதிரை மேல் ஓர் ஆள். பாதையில் விட்டுவிட்டால் குதிரை தானாகவே சுற்றும்.

பக்கத்தில் ஓர் அட்டை. காலை பத்து, மாலை நாலு என்று கட்டங்கள். அந்தந்த நேரத்தில் கார்டு எவ்வளவு சூடாக இருக்கும் என்று மூன்று நாளுக்கும் முதலிலேயே பென்சிலால் எழுதிவிடுவார். நேரம் வந்ததும் பார்த்து, உண்மையான சூட்டைப் பேனாவால் எழுதுவார்.

"ஜோசியமா சேவியர்?"

"கையை வச்சுப் பாத்தாத் தெரிஞ்சிரும்ணே. கடைசிக் கட்டம் தப்புச்சுன்னா கார்டைத் திருப்பி அனுப்பிருவேன்."

என் கார்டை இந்தத் திங்கள் மாலை நாலு மணிக்கு ஓடவிட்டார். செவ்வாய் காலை பத்துக்குப் பார்த்து எழுதிவிட்டு, கடையைப் பூட்டி, கப்பலூருக்குக் கிளம்பினார்.

நேற்று கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு நகர்ந்தபோது மகனிடமிருந்து மெசேஜ். சேவியர் ஓரிரு முறை எங்களோடு ஆன்லைனில் ஆடியிருக்கிறார். இறந்த செய்தியை நான் அவனுக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"அப்பா, சேவியர் அங்கிள் ஆன்லைன்ல இருக்காரு. ரெண்டு நாளா விளையாடிட்டே இருக்காரு. பதிலே காணோம்."

போனைப் பைக்குள் போட்டேன்...

இன்று மதியம் அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சர் கூப்பிட்டார். "சார், பூட்டுன கடைக்குள்ள ஏதோ ஓடுற சத்தம் கேக்குதாம். தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. வாரீங்களா?"

மூன்றரைக்குக் கடையைத் திறந்தோம். பின்னறைக் கதவைத் தள்ளியதும் அனல் முகத்தில் அடித்தது.

திரையில் ஏரி. அங்கே விடிகாலை. குதிரை நடந்துகொண்டிருந்தது.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வாசலோடு நின்றுவிட்டார். "டீச்சர், மொதல்ல பிளக்கைப் புடுங்கச் சொல்லுங்க."

நான் சுவிட்சில் கை வைத்தேன். டீச்சர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேனா எழுத்து செவ்வாய் காலையோடு நின்றிருந்தது. பென்சில் எழுத்து இன்று மாலை நாலு வரை போயிருந்தது. கடைசி எண் 78.

"இருங்க சார். எதையும் பாதியில நிறுத்தமாட்டாரு. இன்னும் இருபது நிமிசந்தான? ஓடட்டும்."

இரண்டு ஸ்டூலில் உட்கார்ந்தோம். திரையின் மூலையில் கார்டின் சூடு 80 என்று காட்டியது. மூன்றே முக்காலுக்கும் 80. மூன்று ஐம்பத்தைந்துக்கும் 80.

வளைவு ஒன்றில் குதிரை நின்று தண்ணீரில் வாய் வைத்தது. மேலே இருந்த ஆள் மெல்லத் தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தான்.

கேமில் அப்படி வைத்திருப்பார்கள். தெரியும். ஆனாலும்... டீச்சர் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார், அந்த அனலில்.

நாலு மணி. சுவர்க் கடிகாரம், என் போன், இரண்டையும் பார்த்தேன். திரையில் 78.

டீச்சர் சேவியருடைய பேனாவை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் 78 என்று எழுதினார். நடுவில் நாலு கட்டம் காலி. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

"இப்ப நிறுத்துங்க சார்."

நிறுத்தினேன். ஃபேன் சத்தம் அடங்க வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது.

கடையைப் பூட்டும்போது மகனிடமிருந்து மெசேஜ். "அப்பா, அங்கிள் இப்பத்தான் ஆஃப்லைன் போனாரு."

இன்று அவனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

போய் வாருங்கள் சேவியர். கார்டு சரியாகத்தான் இருக்கிறது.