அத்தை கலக்கித் தந்த மோர்

நம் பாதயாத்திரைக் குழுவில் பலருக்கு என் பெயர் பூங்கொடி என்பது தெரியாது. பரமத்தி வேலூர் பாலத்தில் மயங்கி விழுந்த பொம்பளை என்றால் தெரியும். அந்த விழுந்தவள்தான் எழுதுகிறேன். முருகன் எனக்குச் செய்ததை எல்லோருக்கும் சொல்லச் சொன்னார்கள். சொல்கிறேன். ஆனால் சிரித்த முகத்தோடு சொல்கிற சங்கதி இல்லை இது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழித் தீவன ஆலையில், லேப்பில் எனக்கு வேலை. லாரியில் வருகிற மக்காச்சோளத்தில் ஈரம் எவ்வளவு, பூஞ்சை பிடித்திருக்கிறதா, சோயாப் புண்ணாக்கில் வேறு எதையாவது கலந்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். நான் சரி என்றால்தான் வண்டி உள்ளே போகும். பதினோரு வருடமாக இதே வேலை. கோழி வயிற்றுக்குள் என்ன போகிறது என்று பார்க்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். இதை மறந்துவிடாதீர்கள்.

வீட்டுக்காரர் வடக்கே லாரி ஓட்டுகிறார். மாதத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தால் அதிகம். மகள் இனியா பள்ளிக்கூடம் போகிறாள். அப்புறம் என் அத்தை, வீட்டுக்காரருடைய அம்மா, பாவாயி. சமையல், மாடு, இனியா, நான், எல்லாம் அவர் பொறுப்பு.

இனியா பிறந்த பிறகு என் உடம்பு கெட்டது. எது தின்றாலும் வயிறு உப்பும், கொஞ்ச நேரத்தில் வயிற்றால் போகும். முடி கொத்தாக உதிர்ந்தது. ரத்தம் குறைந்துகொண்டே போனது. சத்து மாத்திரை தின்று தின்று நாக்கு கறுத்ததுதான் மிச்சம். அடுத்து இரண்டு கரு உண்டாகி, இரண்டுமே தங்கவில்லை. இரண்டாவது போன அன்று குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அழுகை கூட வரவில்லை. அத்தை கதவைத் தட்டித் தட்டி, பிறகு தள்ளித் திறந்து என்னைத் தூக்கினார்.

உறவில் ஒருத்தி பார்க்க வந்தவள், "ஆரோ சோத்துல மருந்து வெச்சுப்போட்டாங்க" என்றாள். அத்தை அவளுக்குக் காப்பி கூடத் தரவில்லை. "எம்பட ஊட்டுச் சோத்துல ஆரு மருந்து வெப்பா? நாந்தான ஆக்கிப் போடறேன்?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

அந்த வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

கடைசியில் சேலத்தில் ஒரு வயிற்று டாக்டர்தான் குழாய் விட்டுப் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதித்துச் சொன்னார். கோதுமை என் குடலுக்கு ஆகாதாம். மைதா, ரவை, சேமியா, பிஸ்கட், பரோட்டா, எதுவும் உயிருள்ளவரை கூடாது. மருந்து கிடையாது, விலக்குவதுதான் மருந்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்க சோறு திங்கற ஆளுங்க டாக்டர்" என்றேன். "தெரியாம உள்ள போறதைப் பாருங்கம்மா" என்றார். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகவே வேண்டினார். "முருகா, எங் கையாலயே இவளைத் தேத்தி, உம்பட மலைக்கு நடக்க வெச்சுக் கூட்டியாரேன்." அன்றைக்கே சப்பாத்திக் கல்லைத் தூக்கிப் பரணில் போட்டார். எனக்கென்று புதிதாகத் தோசைக்கல் வாங்கி, பிடியில் சிவப்புக் கயிறு கட்டினார். மாவு மில்லில் கோதுமையும் அரைக்கிறார்கள் என்று அரிசியை வீட்டிலேயே அரைத்தார். தனக்குச் சர்க்கரை நோய். டாக்டர் சப்பாத்தி சாப்பிடச் சொல்லியிருந்தும், "அந்த மாவு இந்த ஊட்டுக்குள்ள வரப்படாது" என்று ராகிக்களிக்கு மாறினார். இவ்வளவு பார்த்தவர் அவர்.

அந்தத் தையில்தான் உங்களோடு முதல் தடவை கிளம்பினேன். நாலு நாள் நடையில் முதல் நாளே, வேலூர் காவிரிப் பாலத்தின் நடுவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. வேனில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினீர்கள். வேண்டுதலில் ஏதோ குறை என்று இரண்டு பேர் பேசியது படுத்திருந்த எனக்குக் கேட்டது. குழுவில்தான் இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை.

அத்தை விடவில்லை. "சும்மா நடந்தா ஆவாது. ஒடம்பைப் பழக்கோணும்" என்றார். இனியாவின் பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியாரிடம் கேட்டு, தினம் எவ்வளவு ஓட வேண்டும், எவ்வளவு நடக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி வந்தார். விடியும் முன்னே எழுவேன். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. போகப்போக ஓட்டம் கூடியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீள நடை. ஆறரைக்குத் திரும்பி வந்து இனியாவுக்குத் தலை பின்னி, வேனில் ஏற்றிவிட்டு, எட்டு மணிக்கு ஆலையில் நிற்க வேண்டும். கேண்டீனில் உப்புமா வாசம் வரும்போது நான் கம்புச் சோற்றைத் திறப்பேன். கல்யாண வீடுகளுக்கும் டப்பாவோடு போனேன். கௌரவம் பார்க்கிறாள் என்றார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

நான் ஓடும்போது அத்தை மொபெட்டில் பின்னாலேயே வருவார். அறுபத்திரண்டு வயது. சேலையை முழங்காலுக்குக் கீழே ஒதுக்கிச் செருகிக்கொண்டு, நான் நடந்தால் காலை ஊன்றி ஊன்றித் தள்ளுவார். முதல் நாள் டீக்கடைக்காரர், "ஏனுங்கக்கா, மாமியா தொரத்தறாங்களா?" என்றார். அத்தை வண்டியை நிறுத்தாமலே, "ஆமாங் கண்ணு, புடிச்சா உடமாட்டேன்" என்றார். அந்த ரோட்டில் பத்து நாளைக்கு அதே பேச்சு.

வண்டியின் முன்னால் ஒரு தூக்குப்போசி தொங்கும். அதில் மோர். ஓட்டம் முடிந்ததும் அதை முழுவதும் குடித்தாக வேண்டும். உப்பு, கறிவேப்பிலை, நிறையப் பெருங்காயம். வயிற்று உப்புசத்துக்கு அதைவிட நல்லது இல்லை என்பது அத்தையின் முடிவு. என் வயிறு அடங்காத நாளில் பெருங்காயத்தைக் கூடுதலாகப் போடுவார். அரை ஸ்பூன் வரை போனது. "குடிச்சுப்போடு சாமி" என்று நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்ப்பார்.

ஆடியில் மறுபடியும் விழுந்தேன். ரத்தப் பரிசோதனையில் பழையபடியே குறைவு. டாக்டர் கோபப்பட்டார். "எங்கியோ கோதுமை சாப்பிடறீங்க. என்னை ஏமாத்தி என்னம்மா ஆகப் போகுது?" அத்தை அந்த அறையிலேயே அழுதார். "சத்தியமா இல்லீங்க டாக்டர். நாந்தானுங்க ஆக்கறேன்." பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்கு முப்பத்தாறு வயது. இனியா வளர்ந்து நிற்பதைப் பார்க்க நான் இருப்பேனா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயந்தேன்.

வீட்டுக்கு வந்து படத்துக்கு முன்னால் உட்கார்ந்து வேண்டினேன். உடம்பைக் கொடு என்று கேட்கவில்லை. கேட்டு அலுத்துவிட்டது. "எனக்குள்ள என்ன போவுதுன்னு காட்டு முருகா. அது போதும்" என்று கேட்டேன். தினமும் அதையே கேட்டேன். அவன் காட்டவில்லை.

ஐப்பசியில் ஒரு நாள். மழை விட்டு ரோடு ஈரமாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்த எனக்குப் பின்னால் வண்டிச் சத்தம் இல்லாதது போல் தோன்றியது. திரும்பினேன். தூரத்தில் மொபெட்டுக்கு ஸ்டாண்ட் போட்டு, பக்கத்தில் வேப்பமரத்தடியில் அத்தை உட்கார்ந்திருந்தார். ஓடினேன். அன்றைக்கு ஓடியது போல் வாழ்க்கையில் ஓடியதில்லை. முகமெல்லாம் வேர்வை. நெஞ்சைப் பிடித்திருந்தார். தூக்குப்போசி மடியில் சாயாமல் இருந்தது. டீக்கடைக்காரர் ஆம்புலன்ஸ் வண்டிக்குப் போன் செய்தார்.

"குடிச்சுப்போடு சாமி, புளிச்சுப்போயிரும்" என்றார் அத்தை.

அவர் மனது ஆறட்டும் என்று அங்கேயே உட்கார்ந்து குடித்தேன். நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. வீட்டுக்காரர் வடக்கே எங்கோ லோடோடு நின்றார். அவர் வந்து சேர மறுநாள் ஆனது.

காரியமெல்லாம் முடிந்து நான் அடுப்படிக்குள் போனேன். ரசம் வைக்கப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். அத்தையின் கை வாசம் அது. மூடி வைத்துவிட்டேன். மறுநாளும் முடியவில்லை. பிறகு திறக்கவே இல்லை. சாம்பார், ரசம், மோர், எதிலும் காயம் போடவில்லை. வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார், ஒன்றும் கேட்கமாட்டார். அவருக்கும் புரிந்திருக்கும்.

என் உடம்பு தேறத் தொடங்கியது.

முதலில் நான் கவனிக்கவே இல்லை. துக்கத்தில் யார் வயிற்றைப் பார்ப்பார்கள். மார்கழி முடிவதற்குள் உப்புசம் நின்றது. துக்க வருடம் என்பதால் அந்தத் தையில் நான் யாத்திரைக்கு வரவில்லை. சித்திரையில் ரத்தம் ஏறியிருந்தது. டாக்டர் சிரித்து, "இப்பத்தான் ஒழுங்கா இருக்கீங்க" என்றார். ஓட்டத்தை நான் விடவில்லை. பின்னால் வண்டிச் சத்தம் இல்லாமல் ஓடினேன். கன்னத்தில் சதை விழுந்தது. ஒரு சீர் வீட்டில் எனக்குக் கேட்கும்படியே ஒருத்தி சொன்னாள். "மாமியா போனதும் மருமவ தேறிட்டா பாத்தீங்களா?" கையில் இருந்த தட்டை அவள் மேல் எறிந்திருப்பேன். இனியா பக்கத்தில் இருந்தாள், அதனால் விட்டேன். ஆனால் அந்தப் பேச்சு என்னைத் தின்றது. ஏன் தேறினேன்? அத்தை கவலைப்பட்டுப் பார்த்துக்கொண்டபோது தேறாத உடம்பு, அவர் போன பிறகு ஏன் தேறுகிறது? உடம்பு தேறியதற்காக வெட்கப்பட்டது நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வருடத் திதி வந்தது. படையலில் அத்தைக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். அவர் கலக்குகிற மாதிரியே ஒரு டம்ளர் மோரும் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த டப்பாவை எடுத்தேன். ஒரு வருடம் ஆகிவிட்டதே, கெட்டிருக்குமோ என்று பின்பக்கம் தேதி பார்த்தேன். லேப்பில் மூட்டையைப் புரட்டிப் பார்க்கிற பழக்கம். தேதிக்கு மேலே பொடி எழுத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருந்தது.

கோதுமை மாவு.

பெருங்காயத்தை அப்படியே பொடியாக விற்பதில்லையாம், மாவு கலந்துதான் வருமாம். பிறகு டாக்டர் சொன்னார். வெறும் அரிசி மாவு கலந்ததும் கிடைக்குமாம். எனக்கு அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கோழிக்குப் பார்த்த கண் எனக்குப் பார்க்கவில்லை. மில்லில் அரைத்த அரிசியைக் கூட வீட்டுக்குள் விடாத அத்தை, தினமும் விடிகாலையில் தன் கையால் அந்த மாவைக் கலக்கி, நான் குடிக்கிற வரை காவல் நின்றிருக்கிறார். வயிறு வலிக்க வலிக்க அதிகம் போட்டிருக்கிறார். கடைசி மூச்சில் கூட அதைக் குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எனக்குள் என்ன போகிறது என்று காட்டச் சொல்லிக் கேட்டேனே, காட்டிவிட்டான்.

வீட்டுக்காரரிடம் டப்பாவைக் கொடுத்தேன். படித்தார். இரண்டு தடவை படித்தார். வெளியே போய் லாரி கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அம்மாளுக்குத் தெரியாமயே போச்சு பாரு" என்றார். அப்புறம் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான். அம்மாவை எடுத்த அன்று கூட அழவில்லை.

போன தையில் உங்களோடு நடந்தேன். வேலூர் பாலத்தைத் தாண்டும்போது எல்லோரும் என்னையே பார்த்தீர்கள். எனக்குத் தெரியும். அரவக்குறிச்சிக்கு அப்புறம் கால் கொப்பளித்தது, நிற்கவில்லை. அன்னதானப் பந்தியில் உட்காராமல் ஓரமாக என் டப்பாவைத் திறந்தேன். வழியில் ஒரு அம்மா மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்து, "குடி சாமி" என்று நீட்டினார். காயம் மணந்தது. வாங்கிக் கும்பிட்டுவிட்டு, பக்கத்தில் வந்த அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு கிலோமீட்டர் மட்டும் குழுவை விட்டு முன்னால் நடந்தேன்.

அத்தையை எடுத்துக்கொண்டுதான் முருகன் உன்னைக் காப்பாற்றினான் என்று யாராவது என்னிடம் சொல்ல வந்தால், சண்டைதான் வரும். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. அத்தையின் நெஞ்சு நின்றது அத்தையின் சர்க்கரையால். அந்த டப்பாவைத் திறக்க விடாமல் என் கையைப் பிடித்தது எதுவோ, அது அவன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இனியாவுக்கும் சோதித்துப் பார்த்தோம், அவளுக்கு இல்லை. ரத்தம் சரியாக இருக்கிறது. இன்றும் விடியும் முன் ஓடுகிறேன். அரிசி மாவு போட்ட காயம் வாங்கிவிட்டேன். அதை மோரில் மட்டும் இன்னும் போடவில்லை.

உங்களில் நோயோடு இருக்கிறவர்கள் கேளுங்கள். வைத்தியத்தை விடாமல், அவனையும் விடாமல் கேளுங்கள். பதில் வரும்போது தாங்கிக்கொள்ளத் தெம்பையும் சேர்த்துக் கேளுங்கள். நான் அதைக் கேட்க மறந்தேன், அதையும் அவனே கொடுத்தான். டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்.

மலைமேல் என்ன வேண்டினாய் என்று இறங்கும்போது பலபேர் கேட்டீர்கள். வேண்டுதல் நிறைவேறியவள் இவ்வளவு அழுகிறாளே என்று பார்த்திருப்பீர்கள். திரை விலகியதும் நன்றி சொல்லத்தான் கை கூப்பினேன். வாயில் வந்தது வேறு. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

"எங்கத்தை உங்கிட்டத்தான் இருக்காங்க. எங் கையால தேத்திட்டேன்னு நெனச்சுட்டே இருக்கட்டும். அந்த டப்பாவைப் பத்தி மட்டும் அவுங்ககிட்டச் சொல்லிப்போடாத முருகா."