முள் எடுத்த மீன்

நான் எழுதிய ஒரு கதை திரும்பி வந்தது. பத்திரிகை ஆசிரியர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: "கதையில் வரும் பெண்ணை நம்ப முடியவில்லை." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பகல் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் கால் வலியோடு உட்கார்ந்து உருவாக்கிய பெண் அவள். நம்ப முடியவில்லையாம்.

மட்டாஞ்சேரியில் பொதிச்சோறு கட்டும் ஒரு சமையல்கூடத்தில் வேலை செய்கிறேன். சோறும் கறியும் வறுத்த மீனும் வாட்டிய வாழையிலையில் வைத்துக் கட்டி, பஜாரில் இருக்கும் அரிசிக் கிடங்குகளுக்கும் கடைகளுக்கும் அனுப்புவோம். தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் பக்கத்தில் நின்று இலை வாட்டுபவர் சேச்சி; இந்த ஊர்ப் பேச்சில் அக்கா. தமிழ்க் குடும்பம்தான், ஆனால் மூன்று தலைமுறையாக இதே ஊர். படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவார், ஓர் எழுத்துகூட வாசிக்கத் தெரியாது. வந்த புதிதில் பாஷை தெரியாமல் நான் முழித்துக்கொண்டு நின்றபோது எனக்காக எல்லோரிடமும் பேசியவர் அவர்தான். இந்த ஊரில் என்னுடைய ஆள் என்று எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

கதையில் அந்தப் பெண் குழந்தையைப் பறிகொடுத்தவள். அவளை நம்பவைக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். கன்னத்தில் மச்சம் வைத்தேன். லேசாக நொண்டவிட்டேன். நாலு இடத்தில் அழவிட்டேன். அழ அழ இன்னும் பொய்யாகிக்கொண்டே போனாள்.

பொதியெல்லாம் கிளம்பிப் போன பிறகு, மூன்று மணிக்குத்தான் நாங்கள் சாப்பிட உட்காருவோம். அந்த நேரத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை; பசியும் அலுப்பும் அப்படி. ஒருநாள் சும்மா சேச்சியின் இலையைப் பார்த்தேன். அயிலை மீன் துண்டில் பாதியைப் பிய்த்து, விரலால் தடவித் தடவி ஒரு முள் விடாமல் எடுத்து, இலையின் ஓரமாக ஒதுக்கி வைத்தார். மறுபாதியில் அப்படியெல்லாம் முள் பார்க்கவில்லை. வாயில் போட்டு மென்று துப்பினார். ஒதுக்கி வைத்ததைத் தொடாமல் இலையை மடித்து, பின்பக்கம் கொண்டுபோய்ப் பூனைக்குப் போட்டார். மறுநாளும் அதையேதான் செய்தார்.

சேச்சியின் மகள் ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று மற்றவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். சேச்சி ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. மீனில் முள் எடுத்து ஒதுக்கி வைப்பது அவருக்கே தெரியுமா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

எனக்கு நெஞ்சை அடைத்தது. அடைத்த அதே நேரத்தில், அப்பாடா கிடைத்துவிட்டது என்றும் தோன்றியது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலமே மச்சத்தையும் நொண்டலையும் அழுகையையும் அடித்துவிட்டு, அந்த மீனை எழுதினேன். அதுவரை பிணம் மாதிரிக் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

இந்தத் தடவை கதை அச்சில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசிக்கத் தெரியாதவர்தானே என்ற தைரியத்தில் பத்திரிகையை வேலைக்கே எடுத்துக்கொண்டு போய் சேச்சியிடம் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, என் படத்தைத் தடவிப் பார்த்தார்.

"எனிக்கு வாயிச்சுத் தா மோளே."

மாட்டிக்கொண்டேன். சாப்பாடு முடிந்ததும் பின்பக்கப் படியில் உட்கார்ந்து வாசித்தேன். மீன் வரும் இடம் நெருங்க நெருங்க வேகமாக வாசித்தேன். அந்தப் பக்கம் வந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பிவிட்டு, மேலே வாசித்து முடித்தேன்.

சேச்சி என் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பக்ஷே அந்தப் பெண்ணுக்கு உள்ளில ஒண்ணும் இல்லையே. குட்டி போன அம்மை மாதிரியே தோணல."

ஆசிரியர் சொன்ன அதே குறை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீ ரெண்டு தாளு ஒண்ணாத் திருப்பிச்சு, நான் பாத்தேன். அதில எந்தா இருக்கு?"

ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். கதை எழுதுகிறவளுக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. தாளைப் பின்னால் திருப்பி வாசித்தேன். பாதித் துண்டு, விரல், முள், இலையின் ஓரம், பூனை. என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. சேச்சி தன் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்கே," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவ எழுந்து போனார்.

திட்டியிருந்தால் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் திட்டவில்லை. மறுநாளும் எப்போதும் போல எனக்கு இலை எடுத்துக் கொடுத்தார், சாயா போட்டுத் தந்தார். சாப்பிடும்போது மட்டும் முழு மீனையும் தின்றார். ஓரத்தில் எதுவும் ஒதுக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. பூனை வந்து வாசலில் காத்திருந்துவிட்டுப் போனது.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். "சேச்சி, ஏன் இப்ப எடுத்து வைக்கிறதில்ல?"

அவர் கோபப்படவில்லை. "கை வரல மோளே. முள்ளு எடுக்கும்போ நீ பாக்குறாப்பல தோணுது," என்றார்.

அந்தப் பெண்ணை நேரில் பார்த்தது போல் இருக்கிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதம் அந்த வாரம்தான் வந்தது. ஒரு தடவைக்கு மேல் அதை வாசிக்க முடியவில்லை.

இப்போது நான் சேச்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். நாலு மாதம் ஆகிறது. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனால் எல்லோருடைய இலையையும் எடுத்துக் கொட்டும் வேலையை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். தினமும் கொட்டுவதற்கு முன்னால் சேச்சியின் இலையைப் பிரித்துப் பார்க்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன். மென்று துப்பிய முள் மட்டும்தான் இருந்தது.