பிரெஞ்சு சாமியார் கட்டிய கோயிலுக்கு நான் கோயில்பிள்ளை

கோயில்பிள்ளை வேலை என்றால் மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, சாவியைத் தொலைக்காமல் இருப்பது என்று நம்பித்தான் நானும் சேர்ந்தேன். பழைய கட்டடத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற அன்பர்களே, மீதியை நீங்கள் அறிவீர்கள். ராதாபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் மாதா கோயில், பிரெஞ்சு தேசத்துச் சாமியார் ஒருவர் தன் கிராமத்துக் கோயிலை மனதில் வைத்துக் கட்டியது. அதை இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதிதாக எழுப்ப வேண்டும் என்று போன வருஷம் ஊர்க்கமிட்டி கிளம்பியது. எனக்கு ஞானஸ்நானமும் கல்யாணமும் அங்கேதான் நடந்தன. அதைத் தடுக்க நானும் கிளம்பினேன்.

பனிக்கு ஒரு கூரை

பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்த ஒரு தம்பியைத் தச்சநல்லூரிலிருந்து அழைத்து வந்தேன். கோயிலின் பழமைக்குச் சான்று கிடைத்தால், ‘இடிக்கக் கூடாது’ என்று எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். செங்குத்தான கூரையை அண்ணாந்து பார்த்து, “அவங்க ஊர்ல பனி கொட்டும். அது வழுக்கி இறங்கத்தான் இந்தச் சரிவு” என்றார். நான் பெருமையாகத் தலையாட்டினேன். கமிட்டித் தலைவர் ராயப்பன் அண்ணாச்சி வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டார்: “இங்கன மழையே எட்டிப் பாக்க மாட்டேங்கு. பனிக்கு எதுக்குவே கூரை?”

நேர்ச்சைப் பெயிண்ட்

எங்கள் ஊரில் வேண்டுதல் பலித்தால் பீடத்துக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். மகனுக்குத் துபாய் விசா வந்தால் பச்சை, வீடு கட்டி முடித்தால் நீலம். அடியில் இருப்பது தேக்கா, பனையா என்பது மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

பழைய மரவேலையைப் பார்க்கத் தம்பி பிளேடை எடுத்துச் சுரண்டினார். பச்சை போனது, நீலம் போனது, ரோஸ் வந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த செல்வமேரி அக்கா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்: “அந்த ரோஸு எம் மவ பொறந்ததுக்கு அடிச்சது, தம்பி. அதச் சொரண்டி அவளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுவா?”

கல்லுக்குப் பின்னால் கல்

மிச்சமிருந்த நம்பிக்கை, கட்டிய வருஷம் பொறித்திருக்கும் அடிக்கல். அது வாசல் சுவரில் இருக்கிறது. ஆனால் அதை மறைத்து, ராயப்பன் அண்ணாச்சியின் அப்பா பெயரில் ஒரு பளிங்குக் கல் பதித்திருக்கிறார்கள். ஃபேன் வாங்கிக் கொடுத்த உபயம். அதைக் கழற்ற ஊர்க்கூட்டத்தில் சம்மதம் கேட்டேன்.

“கோயில இடிக்கது வேற. எங்க அப்பா பேரு இருக்க கல்ல எவன்வே தொடுவான்?” என்றார் அண்ணாச்சி.

“அப்போ அந்தச் சுவரை எப்படி இடிக்கது, அண்ணாச்சி?” என்றேன் பயந்து பயந்து.

அந்தச் சுவர் மட்டும் நிற்கட்டும் என்றார் அவர். உடனே தெற்குச் சுவரில் கல் பதித்த டியூப்லைட் உபயக்காரர்கள் எழுந்தார்கள். அடுத்து வடக்குச் சுவருக்கு ஜன்னல் கம்பி உபயம். பிறகு பீடத்துச் சுவருக்கு மைக்செட் உபயம். கூட்டம் முடியும்போது இடிக்க ஒரு சுவர் மிச்சமில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார்: “பொறவு எதைத்தான் இடிக்க? கெடந்துட்டுப் போகட்டும். இந்தத் திருவிழாவுக்கு நான் வெள்ளையடிச்சுத் தாரேன். கோபுரத்துல எம் பேருக்கு ஒரு கல்லு பதிச்சிரும்வே.”

அடிக்கல்லை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை என்றாலும், பிரெஞ்சு சாமியார் சுண்ணாம்பும் கருப்பட்டியும் குழைத்து எழுப்பிய சுவர்களை இப்போது தாங்கி நிற்பது எங்கள் ஊர்க்காரர்களின் பெயர் ஆசைதான்.