சிவப்பு மை படாத நோட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் கிராம நர்ஸுகளுக்கு நான் மேற்பார்வையாளர். நான்கு பேர், நான்கு ஊர். மாதம் ஒருமுறை என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவார்கள். திருநள்ளாற்றுக்காரி எத்தனை தடுப்பூசி போட்டாள், அம்பகரத்தூர்க்காரிக்கு ஏன் குறைந்தது என்று எல்லோர் முன்பும் வாசிப்பேன். போட்டி வந்தால் வேலை தானாக ஓடும் என்று நினைப்பு. வந்தது மனக்கசப்புதான். ஒரே பஸ்ஸில் போக வேண்டியவர்கள்கூட முன்னும் பின்னுமாகத் தள்ளி உட்காருவார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் குரும்பகரத்து நர்ஸ் வேலையை விடப்போவதாக வந்து நின்றாள். சேர்ந்து ஐந்து மாதம். கெட்டிக்காரப் பெண், ஆனால் தனியாகப் பிரசவம் பார்க்கப் பயமாக இருக்கிறது, கேட்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் இல்லை என்றாள். இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போய்விட்டால் அந்த ஊருக்கு வேறு ஆள் எப்போது வருமோ, தெரியாது.

ஒரு நீள நோட்டு வாங்கினேன். மனதில் பட்டதை எழுதி, பஸ்ஸில் அடுத்த ஊருக்கு அனுப்புங்கள், முன்னவள் கேட்டதற்குப் பதில் எழுதுங்கள் என்றேன். கண்டக்டர்கள் முகம் சுளிக்காமல் கைமாற்றிக் கொடுத்தார்கள். முதல் சுற்று முடிந்து நோட்டு என்னிடம் வந்தது. என் கை சும்மா இருக்குமா? தேதி விட்டுப்போனதை, மருந்தின் பெயர் பிழையானதை எல்லாம் சிவப்புப் பேனாவால் சுழித்துத் தள்ளினேன். அடுத்த சுற்றில் நான்கு பேரும் எழுதியது ஒரே வரி. 'இங்கு அனைவரும் நலம்.'

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. இனி நோட்டு என்னிடம் வர வேண்டாம், நான் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னேனே தவிர, அடுத்த இரண்டு வாரமும் இருப்புக்கொள்ளவில்லை.

மாதம் முடியும் முன்பே, அடைமழையில், அந்தப் பெண் இருக்கிறாளா போய்விட்டாளா என்று பார்க்கக் குரும்பகரம் போனேன். துணைச் சுகாதார நிலையத்துக்குள்ளே அவளும் அம்பகரத்தூர்க்காரியும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் தலைச்சன் பிரசவம் ஒன்று, குழந்தை கொடி சுற்றி வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது என்று இவள் முன்பே நோட்டில் எழுதியிருக்கிறாள். வலி கண்டதும் பஸ்ஸில் சொல்லி அனுப்பு என்று அம்பகரத்தூர்க்காரி பதில் எழுதியிருக்கிறாள். சேதி கிடைத்ததும் கணவரின் சைக்கிள் கேரியரில் நனைந்துகொண்டே வந்து சேர்ந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகம்.

சந்தோஷத்தோடு எனக்குச் சுருக்கென்றும் இருந்தது. என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க படிக்க மாட்டேன்னு சொன்னீங்கல்ல மேடம்," என்றாள் குரும்பகரத்துப் பெண். "அதனாலதான் பயத்தையெல்லாம் எழுத முடிஞ்சிது."

வேலையை விடும் விஷயம் என்னாயிற்று என்று மெல்லக் கேட்டேன்.

"இப்ப எப்படிங்க முடியும்? அடுத்த மாசம் அக்கா ஊர்ல ஊசி போடுறாங்க. புள்ளைங்களப் புடிச்சிக்க நான் வர்றேன்னு நோட்டுல எழுதிக் குடுத்துட்டேன்."

அப்பாடா என்றிருந்தது. அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, மேஜைமேல் கிடந்த நோட்டைத் தொடாமல் பஸ் ஏறினேன்.