மாணவருக்கு நீங்கள் என்ன உறவு?

எங்கள் வட்டார நூலகத்தில், கண்பார்வை குன்றிய முதியோருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டும் தொண்டூழியப் பணிக்கு ஆள் தேவை என்று அறிவித்திருந்தார்கள். எங்கள் தீவின் ஒரு கோடியான பொங்கோலில் குடியிருப்பவன், காலை வேளைகளை அந்த நூலகத்திலேயே கழிப்பவன் என்ற முறையில் நானும் விண்ணப்பம் கேட்டேன். உயர்ந்தபட்சக் கல்வித் தகுதி என்றொரு பகுதி அதில் இருந்தது. பட்டப்படிப்பில் இரண்டு ஆண்டுகள் முடித்தவன், மூன்றாம் ஆண்டை எழுதாதவன் என்று அங்கிருந்த பெண் அலுவலரிடம் சொன்னேன். அவர் கட்டங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, மிகவும் கனிவாக, உயர்நிலைப் பள்ளி என்ற கட்டத்தில் குறியிட்டு என்னிடம் நீட்டினார். அவர்மீது குற்றமில்லை. எனக்கென்று அதில் ஒரு கட்டம் இல்லை, அவ்வளவே. ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் குறியே கண்முன் நின்றது. விட்டுப்போன ஓராண்டை முடித்துவிடுவது என்று அன்று பிற்பகல் தீர்மானித்தேன். எனக்கு அப்போது அறுபத்தேழு வயது.

என் கல்வியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். துறைமுகக் கிடங்கில் எழுத்தராக இருந்த காலத்தில், தமிழகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் அஞ்சல்வழியாக இளங்கலை படித்தேன். மூன்றாம் ஆண்டுத் தேர்வுக்குச் சென்னை செல்ல வேண்டியிருந்தது. செல்லவில்லை. விடுப்புக் கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். என் மனைவி அதை முழுமையாக நம்பினாள். என் மேற்பார்வையாளரை அவள் இறுதிவரை மன்னிக்கவில்லை. தீபாவளிக்கு அவர் வீட்டிற்கு வந்தபோதும் முறுக்குத் தட்டை அவர் முன்னால் சற்று ஓசையுடன்தான் வைத்தாள். அவள் மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. இப்போது இரண்டறை வீட்டில் நான் ஒருவனே இருக்கிறேன். சில நாள்களில் என்னோடு பேசுவது மின்தூக்கி மட்டுமே. அதுவும் மாடி எண்ணைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

என் தீர்மானத்தை ஒரே ஒருவரிடம் வெளியிட்டேன். கிடங்கில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் அவர். ஞாயிறுதோறும் தேக்காச் சந்தையின் உணவங்காடியில் சந்தித்துத் தேநீர் அருந்துவோம்.

“டிகிரியா? யாருக்குலா?” என்றார்.

“எனக்குத்தான்.”

கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தார். “ஏன், மேல போனா அங்கயும் இன்டர்வியூ வைக்கிறாங்களாமா?” என்று கேட்டுவிட்டு, தேநீர்க் கடைக்காரரை நோக்கிக் குரல் கொடுத்தார். “அண்ணே, இவருக்குச் சீனி குறைச்சுப் போடுங்க. பரீட்சை எழுதப் போறாரு, சுகர் ஏறிடக் கூடாது!”

பக்கத்து மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நண்பர் உள்ளத்தில் கள்ளமில்லாதவர். ஆனால் அதன் பிறகு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

கல்லூரி தேடும் வேலையைத் தனியாகவே மேற்கொண்டேன். உள்ளூரில் பெரியவர்களுக்காக நடத்தப்படும் படிப்பு ஒன்று மதிப்பு வாய்ந்ததாக இருந்தது. ஆனால் என் பழைய இரண்டு ஆண்டுகளை அவர்கள் ஏற்கவில்லை. முதலிலிருந்து தொடங்கினால் முடிக்கும்போது எழுபத்திரண்டைத் தாண்டியிருப்பேன். கட்டணமும் என் சேமிப்புக்கு மீறியது. வெளிநாட்டு இணையக் கல்லூரி ஒன்று மிகக் குறைந்த கட்டணம் அறிவித்திருந்தது. சலுகை இன்றோடு முடிகிறது என்று அதன் பக்கத்தில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் பார்த்தேன், அதே கடிகாரம் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடியது. அந்தக் கல்லூரியின் பட்டத்தை எந்த நாடு ஏற்கிறது என்று அவர்களுக்கு எழுதிக் கேட்டதற்கு, தங்கள் கனவை இன்றே தொடங்குங்கள் என்று பதில் வந்தது. அதை விட்டுவிட்டேன். மூன்றாவது, நான் முன்பு படித்த அதே பல்கலைக்கழகம். இப்போது இணையவழியிலும் பாடம் நடத்துகிறார்கள். பழைய பதிவு எண்ணும் மதிப்பெண் பட்டியலும் இருந்தால், எத்தனை ஆண்டு இடைவெளியாயினும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று இருந்தது. அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலிலும் அதன் பெயரைத் தேடிக் கண்டேன். கட்டணம் எனக்குக் கட்டுப்படியாவது. என் தொலைபேசி எண்ணைப் பதிந்தேன்.

மறுநாள் பகல் ஒன்றரை மணிக்கு அழைப்பு வந்தது.

“வணக்கம் சார், அட்மிஷன் செக்ஷன்லேர்ந்து பேசுறேன். கோர்ஸ் பத்திக் கேட்டிருந்தீங்க. பையனுக்கா சார், பொண்ணுக்கா?”

இளம்பெண்ணின் குரல். எனக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். உணவங்காடியில் பக்கத்து மேசையில் எழுந்த சிரிப்பு மீண்டும் காதில் ஒலித்தது.

“பையனுக்கு” என்றேன்.

“என்ன வயசு சார்?”

“முப்பத்தெட்டு.”

“வேலையில இருக்காரா?”

“ஹார்பர்ல. ஸ்டோர் கிளார்க்.”

“அவரையே ஒரு நிமிஷம் பேசச் சொல்றீங்களா?”

“அவன் இங்க இல்லம்மா. அவன் சுவா சூ காங்ல இருக்கான், நான் பொங்கோல்ல.”

“பக்கமா சார்?”

“தீவோட அந்தக் கோடி.”

இவ்வாறு, எனக்கு ஒரு மகன் உண்டானான். முன்யோசனை ஏதுமின்றி அவனைத் தீவின் மறுகோடியில் குடியமர்த்தியதும் நல்லதாயிற்று. அவன் எப்போதும் கைக்கெட்டாத தொலைவில் இருந்தான்.

அந்தப் பெண் வாரத்தில் மூன்று, நான்கு நாள்கள் அழைத்தார். சேர்க்கையை முடித்துக் கொடுப்பது அவர் பணி என்பதை நான் அறியாதவன் அல்லன். ஆனாலும் ஒன்றேகாலுக்கெல்லாம் உணவை முடித்துக்கொண்டு, தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்திவிட்டு அமர்ந்திருப்பேன். நடைமுறைகளைக் கேட்பேன். விடை தெரிந்த ஐயங்களையும் கேட்பேன். அங்கே மின்சாரம் போய்விட்டது என்பார். தாயார் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு ஊசிப்போனது என்பார். “சார், நீங்க ஃபீஸை விட என் சாப்பாட்டைத்தான் அதிகமா விசாரிக்கிறீங்க” என்று ஒருநாள் சிரித்தார். விவரம் எல்லாம் திருப்தி என்று நான் முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அழைப்புகள் நின்றுவிடும்.

மகனும் வளர்ந்துகொண்டிருந்தான். பாகற்காயைத் தொடமாட்டான். என் மனைவியின் பிடிவாதம் அவனிடம் அப்படியே இருந்தது. வாராவாரம் வந்து பார்ப்பாரா என்று அந்தப் பெண் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சேர்ந்து சாப்பிடுவோம் என்றேன். அந்த ஞாயிறு நண்பர் வரவில்லை. தோசைத் தட்டோடு தனியே அமர்ந்திருந்தபோது, எதிரிலிருந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். மகன் வருவான் என்று வாய்வரை வந்துவிட்டது.

பிறகு ஒருநாள் அந்தப் பெண், “இடைவெளிக்குக் காரணம் ஒண்ணு எழுதணும் சார். உங்க பையன் ஏன் பாதியில விட்டாரு?” என்று கேட்டார்.

விடுப்புக் கிடைக்கவில்லை என்ற விடை நாவின் நுனியில் இருந்தது. நாற்பது ஆண்டுகள் சொல்லிப் பழகிய விடை. ஆனால் அது என்னைப் பற்றிய கேள்வி அன்று, மகனைப் பற்றியது. அதனாலோ என்னவோ, உண்மை வந்துவிட்டது.

“பயந்துட்டான்மா. ரெண்டாம் வருஷம் இங்கிலீஷ் பேப்பர்ல ஃபெயில். வீட்டுல சொல்லல. மூணாம் வருஷத்தோட சேர்த்து அதையும் எழுதணும். லீவ் லெட்டர் எழுதிப் பையில வச்சிருந்தான். கொடுக்கவே இல்ல. லீவு தரலன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டான்.”

மறுமுனையில் தட்டச்சு ஓசை நின்றது.

“பாவம் சார்” என்றார் பிறகு. “இத்தனை வருஷம் மனசுலயே வச்சிருந்தாரா? நீங்க ஒண்ணும் திட்டாதீங்க சார். ஒரு பேப்பர்தானே, இப்ப எழுதிக்கலாம்னு சொல்லுங்க.”

சொல்கிறேன் என்றேன். என் மனைவியின் வாயிலிருந்து நான் கேட்டிருக்க வேண்டிய சொற்கள் அவை. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளும் இதையே சொல்லியிருப்பாள். அன்று வெகுநேரம் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

சேர்க்கையின் கடைசி வாரம் வந்தது. மாணவரே காணொளி அழைப்பில் தோன்றி, அடையாள அட்டையையும் மூல மதிப்பெண் பட்டியல்களையும் காட்டினால்தான் இடம் உறுதியாகும் என்றார்கள். அதைச் செய்யாவிட்டால் அடுத்த ஆண்டுதான். நான் அந்தப் பெண்ணிடம் பொய்யன் ஆக வேண்டும். அல்லது பட்டத்தை இரண்டாம் முறையும் விட்டுவிட வேண்டும். முதல் நாள் காய்ச்சல் என்று சொல்லி நேரத்தை ஒத்திப்போட்டேன். மகனுக்குக் காய்ச்சல் என்று. “உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க சார்” என்றார்.

இரண்டாம் நாள் தேய்த்த சட்டை அணிந்து கணினியின் முன் அமர்ந்தேன். அவர் முகத்தை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன். நான் நினைத்திருந்ததைவிட வயதில் குறைந்தவராக இருந்தார். நெற்றியில் திருநீற்றுக் கீற்று.

“வணக்கம் சார்! இப்பதான் உங்க முகத்தைப் பாக்குறேன். பையனுக்குக் காய்ச்சல் விட்டுச்சா? கூப்பிடுங்க சார்.”

“பையன் இல்லம்மா.”

“வேலைக்குப் போயிட்டாரா?”

“இல்லம்மா. பையன் இல்ல.”

அவர் கை வாயைப் பொத்தியது. கண்கள் கலங்குவதைத் திரையில் தெளிவாகக் கண்டேன். “ஐயோ சார்... எப்போ சார்? காய்ச்சல்னுதானே சொன்னீங்க...”

நம் மொழியில் இல்லை என்ற ஒரு சொல், இருந்து போனவனையும் இருந்தே இராதவனையும் ஒன்றுபோலச் சுட்டிவிடுகிறது. நான் சொன்னது ஒன்று. அவர் கேட்டது வேறொன்று. அந்தச் சில நொடிகளில் என் உள்ளத்தில் எழுந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அவன் இறந்துவிட்டதாகவே இருக்கட்டும் என்று தோன்றியது. மகனின் நினைவாகத் தந்தை படிக்கிறான் என்றால் எவரும் நகைக்க மாட்டார்கள். உணவங்காடியிலும் எழுந்து நின்று கேட்பார்கள். அந்தப் பெண் தொடர்ந்து அழைப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டால் போதும். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை.

ஆனால் அவர் அழத் தொடங்கியிருந்தார்.

“அழாதீங்கம்மா. சாகல. பொறக்கவே இல்ல. எனக்குப் பிள்ளைங்களே கிடையாது. படிக்கப் போறது நான்தான். கேக்க வெக்கமா இருந்துச்சு, அதான்.”

அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். திரையை விட்டு வேறெங்கோ பார்த்தார். திட்டினால் நன்றாயிருக்கும் என்று எண்ணினேன். திட்டவில்லை.

“ஐடியைக் கேமராகிட்ட காட்டுங்க” என்றார். காட்டினேன். “மார்க் ஷீட்.” ஒவ்வொன்றாகக் காட்டினேன். விசைகளைத் தட்டும் ஓசை கேட்டது. “மாணவருக்கு நீங்க என்ன உறவுன்னு இங்க ஒரு கட்டம் இருக்கு. அப்பான்னு போட்டு வச்சிருந்தேன். மாத்துறேன்.”

“அந்த லீவ் லெட்டர் விஷயம் உண்மைம்மா. அது என் கதை.”

“தெரியுது சார்” என்றார். பிறகு, எழுந்துகொள்ளப் போகிறவரைப் போல நிமிர்ந்தவர், மெல்லக் கேட்டார். “எங்க அம்மாகிட்ட சொல்லியிருந்தேன், இப்படி ஒருத்தர் பயந்து விட்டுட்டாராம், திரும்பப் படிக்கப் போறாராம்னு. அவங்க வெள்ளிக்கிழமைதோறும் அவருக்காக வேண்டிக்கிட்டிருக்காங்க. இப்ப நான் போய் என்ன சார் சொல்றது?”

எனக்குத் தெரியவில்லை என்றே சொன்னேன். இனிமேல் மாணவர் பிரிவிலிருந்து தொடர்புகொள்வார்கள் என்று கூறி அவர் இணைப்பைத் துண்டித்தார்.

சேர்க்கை உறுதியானதற்கான மின்னஞ்சல் அன்றே வந்தது. அவர் அழைக்கவில்லை, அழைக்க வேண்டிய வேலையும் அவருக்கு இல்லை. பகல் ஒன்றரை மணி நாள்தோறும் வந்து சென்றது. சில நாள் தொலைக்காட்சியைப் போடாமலே அமர்ந்திருந்தேன். பாகற்காய் வாங்கும்போது ஒருமுறை, அவன் தொடமாட்டானே என்று கை தயங்கியது. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத துக்கம் அது; யாரும் சாகவில்லையே.

முதல் வகுப்பு ஒரு சனிக்கிழமை நடந்தது. திரையில் முப்பதுக்கும் மேற்பட்ட சிறு கட்டங்கள். பெரும்பாலானவற்றில் முகமில்லை, பெயர் மட்டும். ஆசிரியை ஒருவர் பெயர்களைப் படித்து வருகையைக் குறித்துக்கொண்டிருந்தார். என் பெயர் வந்தது. உள்ளேன் அம்மா என்று உரக்கச் சொன்னேன். ஒலிவாங்கியைத் திறக்க மறந்திருந்ததால் அது எவருக்கும் கேட்கவில்லை. அவர் மீண்டும் என் பெயரைப் படித்து, திரையை உற்றுப் பார்த்தார்.

“ஐயா, உங்க முகம்தான் தெரியுது. ஸ்டூடண்ட் பக்கத்துல இருக்காரா? அவரை வந்து உக்காரச் சொல்லுங்க.”

பொத்தானைத் தேடி அழுத்தினேன்.

“ஸ்டூடண்ட் நான்தாம்மா. இங்க வேற யாரும் இல்ல.”

யாரோ ஒருவர் தம் கட்டத்திற்குள் சிரித்தார். ஆசிரியை என் பெயருக்கு நேரே குறியிட்டுவிட்டு, அடுத்த பெயரைப் படித்தார்.